சீசன் முடியட்டும் என்று சொன்னவன்

நூரு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில்தான் உன்னிடம் பொய் சொன்னேன். அதே போனை எடுத்து உண்மையைச் சொல்ல இந்த எட்டு நாளில் எத்தனையோ தடவை முயன்று பார்த்துவிட்டேன், வாய் வரவில்லை. அதனால் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு, ஸ்வெட்டர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். நடுநடுவே ஆள் வரும், எழுந்து போக வேண்டியிருக்கும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் வழக்கம்போல நடுவில் எங்காவது நின்றுவிடுவேன். நமக்குப் பழைய பாலிசி கிடையாது. இரண்டு வருஷமாகவே கிடையாது. உன் ஆபீஸ் ஃபாரத்தில் எங்கள் பெயரை எடுத்துவிட்டு உன் மாமி பெயரைப் போட்டால், அம்மாவுக்குப் போடுகிற ஊசிக்கு வேறு எந்த அட்டையும் இல்லை.

படித்துவிட்டாயா? இன்னொரு தடவை படி. அதற்குள் நான் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டபோது கடையில் கேரளாக் குடும்பம் ஒன்று ஏழு குல்லாய்களைப் பரப்பிப் போட்டு விலை பேசிக்கொண்டிருந்தது. அம்மாவும் கடையில்தான் இருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள். நீ மூச்சு விடாமல் பேசினாய். "அத்தா, கல்யாணம் முடிஞ்சவங்க முப்பது நாளைக்குள்ள இன்சூரன்ஸ் ஃபார்ம மாத்திக் குடுக்கணுமாம். ஒண்ணு நீங்களும் அம்மாவும், இல்லாட்டி மாமியார் வீட்டு ஆளுங்க. இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு கலந்து போட முடியாதாம், நான் கேட்டுப் பாத்துட்டேன். மாமிக்கு ஒண்ணுமே இல்லத்தா. அந்த முட்டிய வச்சுக்கிட்டு எம்புட்டு நாளு கெடப்பாங்க? உங்களுக்குத்தான் நம்ம பழைய பாலிசி இருக்குல்ல?" நான் கையில் ஒரு நீலக் குல்லாயை வைத்துக்கொண்டு, "ஆமாமா, அது இருக்கு" என்றேன். அவ்வளவுதான், மூன்று வார்த்தை. அம்மா உடனே, "மாமியவே போடும்மா, யோசிக்காத" என்றாள். நீ சந்தோஷப்பட்டது குரலிலேயே தெரிந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கேரளாக்காரர் ஏழு குல்லாய்க்கும் என்ன விலை கேட்டாரோ அதற்கே கொடுத்துவிட்டேன். அவரே ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டு, குல்லாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நீ செய்ய நினைத்ததில் தப்பே இல்லை. மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடம் சின்னது, அவருக்கே அட்டை கிடையாது. உன் மாமி தனி மனுஷி. நிக்காஹ் அன்று மண்டபத்துப் படியில் அவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி ஏற்றியதை நானும் பார்த்தேன். போட்டோவுக்கு எல்லாரும் நின்றபோது, "நான் உக்காந்தே இருக்கேன், எனக்குப் பக்கத்துல பொண்ணு உக்காரட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நீயும் அலங்காரத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்தாய். அந்தப் போட்டோதான் எல்லாவற்றிலும் நன்றாக வந்திருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். அப்படிப்பட்டவருக்கு நீ கொடுத்த வார்த்தையை மாற்று என்று கேட்கத்தான் இவ்வளவு பெரிய கடிதம். கேட்பதற்கு முன்னால் அந்தப் பாலிசி எப்படிப் போனது என்பதை உனக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

நம் வீட்டில் எல்லாமே சீசன் முடிந்துதான், உனக்குத் தெரியாததா? ஏப்ரல் பாதியில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை, மலை பார்க்க வருகிறவர்களிடம் விற்பதுதான் நமக்கு வருஷச் சாப்பாடு. அதற்கு முன்னால் கையில் இருப்பதெல்லாம் சரக்காகப் போய்விடும். கடையின் உள்சுவரில், ஜெர்கின் மாட்டுகிற ஆணிகளுக்குக் கீழே, நீ ஐந்தாம் வகுப்பில் பென்சிலால் எழுதிய பட்டியல் இன்னும் இருக்கிறது. வெள்ளையடித்தபோதுகூட அந்த இடத்தை விட்டுத்தான் அடிக்கச் சொன்னேன். 'சீசன் முடிஞ்சதும்' என்று தலைப்பு. ஷூ, சைக்கிள், அம்மாவுக்குக் கண்ணாடி, அத்தாவுக்குப் பல்லு. சைக்கிளைத் தவிர எல்லாம் வாங்கினோம். சைக்கிளுக்கு நம் ஊர் மேடு ஒத்துவராது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உன் பள்ளிக்கூடத்து சிஸ்டர்கூட ஃபீஸ் கேட்டு ஆள் அனுப்பமாட்டார். என்னைத் தெருவில் பார்த்தால், "சீசன் முடியட்டும் பாய்" என்று அவரே சொல்லிவிட்டுப் போவார். துணி அனுப்புகிறவர், கடைக்குச் சொந்தக்காரர், பால்காரர் எல்லாரும் அப்படித்தான். ஊரே காத்திருக்கும். நீ பிறந்தது ஒரு சீசன் சனிக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொல்லியும், கூட்டம் குறைந்து ஷட்டரை இறக்கிய பிறகுதான் வந்து உன்னைப் பார்த்தேன். அதை அம்மா இருபத்தேழு வருஷமாகச் சொல்லிக்காட்டுகிறாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவரு மகளப் பாக்க கடையடச்சுட்டு வந்தாரு, ராத்திரி ஒம்பது மணிக்கு" என்பாள். நானும் சிரிப்பேன். அன்று அது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை, நூரு.

அருளப்பன் அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். மிஷன் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆகி, ரெக்ஸின் பையோடு கடை கடையாக ஏறி இறங்குவாரே, குரங்குக் குல்லாய்க்குள் மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி. பாலிசி எடுக்கவைத்தவர் அவர்தான். நம் பாலிசிக்குப் பணம் கட்டுகிற நாள் ஏப்ரல் ஆரம்பம். அது எவ்வளவு மோசமான நாள் என்று கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அண்ணன் வருவார், பையைத் திறப்பார், நான் கையை விரிப்பேன். "கெடக்கட்டும் பாய், நான் போட்டுருறேன். சீசன் முடிஞ்சு குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போவார். பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. ஜூனில் அவருக்குக் கொடுத்துவிடுவேன், ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நான் என்ன நினைத்துக்கொண்டேன் தெரியுமா? கம்பெனியும் துணிக்காரரைப் போலக் காத்திருக்கிறது என்று நினைத்தேன். காத்திருந்தது அந்த ஒரு மனுஷன்தான். அவர் தன் கைக்காசைப் போட்டுத்தான் கடைத்தெருவில் பாதிப் பேரின் பாலிசியை உயிரோடு வைத்திருந்தார் என்பது, அவர் மௌத்தாகி அடக்கம் பண்ணிய பிறகு ஒவ்வொரு கடையாகப் பாலிசி விழுந்தபோதுதான் எங்களுக்கெல்லாம் புரிந்தது.

இதற்கு நடுவில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடலாமா என்று இப்போதுகூட யோசித்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஏப்ரல் மாதம், அம்மா குளித்துவிட்டு வந்து, "இங்கன ஒரு கட்டி மாதிரி இருக்குங்க, வலியெல்லாம் இல்ல" என்றாள். நான் அப்போது மழைக்கோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மதுரைக்குப் போனால் இரண்டு நாள் கடையை மூட வேண்டும். "வலி இல்லைல? சீசன் முடியட்டும், போயிட்டு வருவோம்" என்றேன். அவளும், "நானும் அதான் நெனச்சேன்" என்றாள். ஜூன் பத்தாம் தேதிக்கு மேல்தான் போனோம். டாக்டர் முதலில் கேட்டது, "எப்ப பாத்தீங்க?" என்பதுதான். அம்மா என்னைப் பார்க்காமல், "போன வாரம்" என்றாள். உன்னிடமும் போன வாரம் என்றுதான் சொன்னோம். அந்த இரண்டு மாதத்தில் அது எவ்வளவு நகர்ந்திருக்கும், முதலிலேயே போயிருந்தால் போன வருஷம் மறுபடி வந்து இந்த ஊசி வரைக்கும் போயிருக்காதா என்றெல்லாம் நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. பதில் தெரிந்துவிடும் என்ற பயம்.

அந்த முதல் ஆபரேஷனுக்குப் பழைய பாலிசிதான் கை கொடுத்தது. அருளப்பன் அண்ணன் மதுரைக்கே வந்து, கவுண்டரில் நின்று காகிதத்தையெல்லாம் சரிபார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஜனவரியில் அவர் போய்விட்டார். அதற்குள் நீ வேலையில் சேர்ந்து, எங்கள் இரண்டு பேர் பெயரையும் ஆபீஸில் போட்டுவிட்டாய். ஏப்ரலில் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. கட்ட வேண்டிய தொகை முந்திய வருஷத்தைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்க அண்ணன் இல்லை. கடைத்தெருவில் வேறொருவர் விளக்கினார்: அம்மாவின் வயது அடுத்த படிக்குப் போய்விட்டது, கம்பெனி எல்லாருக்குமே விலையை ஏற்றிவிட்டது, மேலே வரி. அப்போது எனக்கு உறைத்தது இதுதான். உடம்பு நன்றாக இருக்கிறவன் இந்த விலை கட்டுப்படியாகாது என்று இன்னொரு கம்பெனிக்குப் போய்விடலாம். நோயாளி இருக்கிற வீடு எங்கேயும் போக முடியாது, எவ்வளவு ஏற்றினாலும் அங்கேயே நின்று கட்டியாக வேண்டும். அது தெரிந்தும் நான் கட்டவில்லை. பணம் இல்லாமல் இல்லை, நூரு. கல்லாவில் இருந்தது. மலைக்கு வருகிற வண்டிக்கெல்லாம் இ-பாஸ் வேண்டும் என்று சொன்ன முதல் வருஷம் அது, யார் வருவார்கள் யார் வரமாட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தால் அள்ளிவிடலாம் என்று அந்தப் பணத்தை ஜெர்கினாக மாற்றிவிட்டேன். உன் ஆபீஸ் அட்டைதான் இருக்கிறதே, இரண்டு அட்டை எதற்கு என்று ஒரு நினைப்பு. சீசன் முடிந்ததும் அபராதத்தோடு கட்டிக்கொள்ளலாம் என்று இன்னொரு நினைப்பு.

ஜூனில் பணத்தை எடுத்துக்கொண்டு மதுரை ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் உன் வயதுப் பெண். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், டியூ டேட்டுக்கு மேல முப்பது நாள்தான் டைம். இது லேப்ஸ் ஆயிருச்சு, புதுசாத்தான் போடணும்" என்றது. "இல்லமா, சீசன் முடிஞ்சதும் மொத வேலையா கொண்டு வந்திருக்கேன்" என்றேன். அந்தப் பெண் நிஜமாகவே புரியாமல், "என்ன சீசன் சார்?" என்று கேட்டது. ஐம்பத்தாறு வயது ஆளுக்கு, உலகத்தில் சீசன் என்றால் என்னவென்று தெரியாத இடம் ஒன்று இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. புது ஃபாரத்தை வாங்கிப் படித்தேன். நோய் இருக்கிறதா, என்ன நோய், என்ன மருத்துவம் என்று கேட்டிருந்தார்கள். உண்மையை எழுதிக் கொடுத்தேன். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் இரண்டு கம்பெனிகளில் கேட்டேன், அங்கேயும் அதே பதில். அரசாங்க அட்டைக்கு நம் வருமானம் அதிகம். இந்த ஊசியின் விலைக்கு முன்னால் நம் வருமானம் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "கட்டிட்டேன்" என்றேன். உனக்கும் அப்படித்தான் செய்தி போனது. அன்றிலிருந்து அம்மா மதுரைக்குப் புறப்படும்போதெல்லாம் பர்ஸில் உன் ஆபீஸ் அட்டையின் நகலையும், பழைய பாலிசியின் பச்சை அட்டையையும் ஒன்றாகச் செருகிக்கொள்வாள். வெள்ளனே எழுந்து, ஸ்வெட்டர் போட்டு, சுக்கு வெந்நீர் ஃபிளாஸ்க்கை எடுத்து, கடைசியில் பர்ஸைத் திறந்து இரண்டு அட்டையும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். ஊசி தொடங்கியதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வத்தலக்குண்டு வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே வருவேன். பஸ் வளைவில் தலை சுற்றுகிறது என்பேன். இந்த மலையில் பிறந்தவனுக்கு வளைவில் தலை சுற்றுகிறதாம், அவளும் நம்பினாள்.

நடுவில் மொத்தமாக வாங்குகிற பார்ட்டி ஒன்று வந்துவிட்டது, ஒரு மணி நேரம் போய்விட்டது. எங்கே விட்டேன்? அறிவுரை ஒன்று சொல்ல வேண்டும், சொல்கிற யோக்கியதை இல்லாவிட்டாலும் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் உங்களுக்கென்று தனியாக ஒரு பாலிசி இந்த மாதமே எடுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லாதபோதுதான் கதவு திறந்திருக்கும். ஆபீஸ் அட்டை ஆபீஸோடு போய்விடும். போன தடவை நீ வந்திருந்தபோது, அந்த மேனேஜரைப் பற்றிச் சொல்லி அழுதாய், வேலையை விடலாமா என்று கேட்டாய். "பொறுத்துக்கம்மா, எல்லா எடத்துலயும் அப்படித்தான்" என்று நான் சொன்னது உன் நல்லதுக்கு இல்லை. நீ வேலையை விட்டால் அம்மாவின் ஊசி நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. மகள் அழுகிறபோது தகப்பன் கணக்குப் பார்த்துப் பேசினான். அதற்கும் சேர்த்து என்னை மன்னித்துக்கொள்.

நீ பேசிய மறுநாள் உன் மாமி பழனியிலிருந்து போன் போட்டார். கடைத்தெருச் சத்தம் பின்னால் கேட்டது. "அண்ணே, உங்க மக என்னைய அட்டைல சேக்கப் போறேன்னு சொல்லுச்சு. எம்பேர யாரும் இதுவரைக்கும் எதுலயும் சேத்தது இல்லண்ணே. பிள்ளைய நல்லா வளத்துருக்கீங்க" என்றார். கொஞ்சம் அழுதார். "டாக்டர்ட்ட நாள் கேட்டுட்டேன், ரெண்டு முட்டியும் ஒண்ணாப் பண்ணிருவாங்களாம்" என்றார். நான், "அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியா நடக்கட்டும்மா" என்றேன். சொல்வதற்கு நல்ல சந்தர்ப்பம் அதுதான். சொல்லவில்லை. உனக்குப் புகுந்த வீட்டில் கிடைத்த முதல் நல்ல பெயர் அது, அதைக் கெடுக்க என் நாக்கு எழவில்லை. அப்புறம் நாலு நாள் நடைப்பிணம் மாதிரிதான் திரிந்தேன். சரக்குக் கேட்டு வந்தவரிடம் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். பாங்கு சொல்வது கேட்டும் பள்ளிவாசலுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். ஃபாரத்தை மாற்றிக் கொடுத்த நாளிலிருந்து எங்கள் அட்டை நின்றுவிடும், அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நான் எதை விற்பேன்? கடை சொந்தமில்லை. இரண்டு ஊசிக்கு உன் அம்மாவின் நகை தாங்கும். அதற்கப்புறம்?

இந்தப் புதன்கிழமை ஊசி நாள். மதுரையில் பில் கவுண்டருக்கு முன்னால் அம்மா பர்ஸைத் திறந்தபோது உன் ஆபீஸ் அட்டையின் நகல் மட்டும்தான் இருந்தது. நான் பதறிப்போய், "பச்சை அட்டை எங்க?" என்றேன். பதறுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. அம்மா நிதானமாகப் பர்ஸை மூடினாள். "வீட்ல வச்சுட்டேன். அதத் தூக்கிட்டு அலைஞ்சு என்ன ஆகப்போகுது? அதுதான் செல்லாதே" என்றாள்.

நான் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "போன வருஷமே இதே கவுண்டர்ல கேட்டேங்க. நீங்க மாத்திர வாங்கப் போயிருந்தீங்க. கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, இது முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சும்மான்னு சொல்லிருச்சு அந்தப் பிள்ள. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். பஸ்ல தல சுத்துதுன்னு நீங்க கண்ண மூடிக்கிட்டு வர்றதப் பாத்துட்டு, சரி, இன்னொரு நாள் சொல்லட்டும்னு விட்டுட்டேன்" என்றாள்.

"அப்ப போன வாரம் அவகிட்ட ஏன் மாமியப் போடச் சொன்ன?" என்று கேட்டேன். குரல் பெரிசாக வந்துவிட்டது, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கத்தாதீங்க. அவ அந்த வீட்ல வாழணும்ல? போன ஒடனே எங்கம்மாவுக்குத்தான்னு நின்னா அவளுக்கு நல்லாவா இருக்கும்? அந்தம்மா பாவம், எந்திரிச்சு நிக்க முடியல."

"நீ?"

டோக்கன் நம்பர் மாறியது, நம்முடையது வர இன்னும் நாலு பேர் இருந்தார்கள். புடவைத் தலைப்பைத் தலையில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "அவ ஃபாரத்த எழுதிக் குடுக்குறதுக்குள்ள இன்னைக்கு ஊசியப் போட்டுக்கிடலாம். அதுக்கப்புறம் சீசன் முடியட்டும், பாத்துக்கிடலாம்."

நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தைகளை, அதே சாதாரணக் குரலில் சொன்னாள். என்னைக் குத்துவதற்காக இல்லை. நம் வீட்டில் அப்படித்தான் பேசுவோம், அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டது. எனக்கு அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில் அழுகை வந்தது. அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்து, "குடிங்க, தல சுத்துது உங்களுக்கு" என்றாள்.

ஆகவே நூரு, உன் அம்மா போனில் 'மாமியவே போடும்மா' என்று சொன்னபோது, அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். நீ அதைத் தெரியாமல் கேட்டாய், நான் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதை உனக்கு எழுதக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போது என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் செய்யவில்லை. அவள் சொன்னதை நீ கேட்காதே. இந்த ஒரு விஷயத்தில் உன் அம்மா பேச்சை மீறு. ஃபாரத்தில் அவள் பெயரை எழுது. நான் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். தகப்பன் மகளுக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தில் கையேந்துகிறேன். உன் மாமியின் வலி பெரிய வலிதான், ஆனால் அவரைப் போலச் சர்க்கரையும் முட்டி வலியும் உள்ளவருக்குப் புதுப் பாலிசி கொடுக்கிறார்கள், நான் விசாரித்துவிட்டேன். முட்டிக்குச் சில வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள், விலையும் கூடுதலாகக் கேட்பார்கள், ஆனாலும் கதவு இருக்கிறது. உன் அம்மாவுக்கு எங்கேயும் கதவு இல்லை. அவருடைய பாலிசிக்கான முதல் வருஷப் பணத்தை நான் கட்டுகிறேன். எப்போது என்று கேட்காதே, சிரிப்பு வந்துவிடும். இந்த வாரத்து விற்பனையை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். ஜெர்கின் அனுப்புகிறவர் காத்திருக்கட்டும், அவருக்குப் பழக்கம்தான்.

வார்த்தையை மாற்றியவள் என்ற பெயர் உனக்கு வரக் கூடாது. அது என் பெயர். நாளைக்குக் காலையில் பழனிக்கு இறங்குகிறேன். உன் மாமி வீட்டில் உட்கார்ந்து, பாலிசியை விட்டவன் நான், மகளிடம் பொய் சொன்னவன் நான், நீங்கள் அழுதபோது வாயை மூடிக்கொண்டவனும் நான் என்று சொல்லப் போகிறேன். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கலாம். நாற்காலியைக் காட்டாமல் நிற்கவைத்தே அனுப்பினாலும் நின்று கேட்டுக்கொள்வேன். இந்தக் கடிதத்தை இன்று கூரியரில் போட்டால் திங்கட்கிழமை உன் கைக்கு வரும், அதற்குள் நான் பேசி முடித்திருப்பேன். நீ அவருக்குப் போன் செய்யும்போது எதையும் மறைத்துப் பேச வேண்டியிருக்காது. உனக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. பதினொரு நாள் இருக்கிறதே என்று இருந்துவிடாதே, வெரசா எழுதிக் கொடுத்துவிடு. அம்மாவின் ஆதார் நகலை உள்ளே மடித்து வைத்திருக்கிறேன், அதில் இருக்கிறபடியே பெயரை எழுது.

நாளைக்குச் சனிக்கிழமை. சீசன் சனிக்கிழமை. லேக் ரோடு இப்போதே வண்டியாக நிற்கிறது. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு மேலேயே வீடு என்பதால், காலையில் ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டுத்தான் அவள் படுக்கையிலிருந்து எழுவாள். நாளைக்கு அந்தச் சத்தம் கேட்காது, அவளே தெரிந்துகொள்வாள்.

உன் அத்தா